எல்லாத் தாளிலும் ஒரு தோஷம்

நிலாவின் கல்யாணத்தை நிறுத்திய தாளை வடிவமைத்தது அவளுடைய அக்கா அல்லிதான். மேலே பிள்ளையார் சுழி எங்கே வர வேண்டும், பத்துப் பொருத்தங்களின் பட்டியல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எழுத்து எந்த அளவில் இருந்தால் பார்வை மங்கியவர்களும் படிப்பார்கள் என்பதையெல்லாம் அவள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தாள். தாளின் அடியில் கட்டம் கட்டி இரண்டு வரி இருக்கும். "பெண் ஜாதகத்தில் சனி தோஷம் காணப்படுகிறது. உரிய பரிகாரம் செய்த பின் மேற்கொண்டு தொடரவும்." அந்த இரண்டு வரியைத் தட்டச்சு செய்ததும் அவள் விரல்கள்தான்.

அல்லிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வரிச்சிக்குடியில் கூலி வேலை செய்த கருப்பையனுக்கும் செல்லம்மாவுக்கும் மூத்த மகள். அவள் காரைக்காலில் கணினிப் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, கருப்பையன் நிலத்துக்காரரின் மோட்டார் கொட்டகையில் மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார். நிலத்துக்காரர் விபத்து என்றார். ஊர் விதி என்றது. துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் ஏழரைச் சனி என்றார். எர்த் கம்பி அறுந்து ஆறு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. அல்லி சொன்னாள். பத்தொன்பது வயதுப் பெண் கொட்டகை வாசலில் நின்று அந்தக் கம்பியைக் காட்டிக் கத்தினாள். பெரியவர்கள் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த வாரம் புதுக் கம்பி போடப்பட்டது.

படிப்பை முடித்தவளுக்குத் திருநள்ளாற்றில் ஒரு கணினி ஜாதகக் கடையில்தான் வேலை கிடைத்தது. சனி என்ற ஒரு கிரகம், பூமியிலிருந்து நூறு கோடி கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, பனியும் தூசியுமான வளையங்களோடு தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வரிச்சிக்குடியில் எந்தப் பெண்ணுக்கு எந்த வயதில் கல்யாணம் என்பதில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இது அல்லிக்குத் தெரியும். ஆனால் வீட்டில் நடவுக்குப் போய் முதுகு வளைந்த அம்மா இருந்தாள், ஆறு வயது இளைய தங்கை இருந்தாள். கடை முதலாளி தெட்சிணாமூர்த்தி கெட்டவரும் இல்லை. மதியம் சாப்பிட்டாயா என்று கேட்பவர், தீபாவளிக்குச் சேலை எடுத்துக்கொடுப்பவர். வந்தவர்களின் பெயர், பிறந்த நேரம், பிறந்த ஊர் ஆகியவற்றை உள்ளிட்டு அச்சடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஏழு வருடம் அதையே செய்தாள்.

ஏழாம் வருடம், சனிப்பெயர்ச்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கடையின் பழைய கணினி புகைந்து நின்றது. அதிலிருந்த ஜாதக மென்பொருளை விற்ற ஆளின் தொலைபேசி எண்ணே இப்போது உபயோகத்தில் இல்லை. தெட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். அல்லிதான், நான் எழுதிப் பார்க்கட்டுமா சார் என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே திக்கென்றது.

கல்லூரியில் அவள் எழுதிய நிரல்கள் எல்லாம் முதல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரியில் முடிபவை. இரண்டு எண்ணைக் கூட்டு, விடையைக் காட்டு, அவ்வளவுதான். பொத்தான்களும் பெட்டிகளும் உள்ள நிரல் எப்படி இயங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. உடன் படித்த மெஹர் பானு காரைக்காலில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டு மாடியில் இரண்டு பேரும் ஒரு மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெஹருக்கே பாதி புதிது. இணையத்தில் பார்த்துப் பார்த்து இருவருமாகத் தட்டுத் தடுமாறினார்கள்.

முதலில் அல்லியைக் குழப்பியது கடைசி வரிதான். பெட்டியை வரைந்து, பொத்தானை வைத்து, எல்லாம் முடிந்த பிறகு நிரல் அந்த வரிக்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. அது முடியவும் இல்லை, எதையும் செய்யவும் இல்லை. பழுதோ என்று நினைத்தாள். பழுது இல்லை, காத்திருக்கிறது என்று மெஹர் விளக்கினாள். யாராவது பொத்தானை அழுத்தினால் அது ஒரு நிகழ்வு. எந்த நிகழ்வு வந்தால் எந்த ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்து முடிக்கும் எந்த நிரல் துண்டை, கூப்பிட வேண்டும் என்று முன்பே கட்டி வைத்திருக்க வேண்டும். கட்டி வைக்காவிட்டால் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. இனி வரிசையை முடிவு செய்வது எழுதியவள் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவர்.

அதைப் புரிந்துகொண்டு அல்லி எழுதிய முதல் பொத்தானே தப்பாகப் போனது. பெட்டி திறப்பதற்குள், ஒருவரும் எதையும் தொடாமலே, பலன் வந்து நின்றது. மெஹர் சிரித்துவிட்டாள்.

"ஃபங்ஷனோட பேரை மட்டும் குடுடி. அழுத்துறப்ப அது கூப்பிட்டுக்கும். நீ பக்கத்துல அடைப்புக்குறி போட்டு இப்பவே கூப்பிட்டுட்ட."

"அப்ப கேக்குறதுக்கு முன்னாடியே தீர்ப்பு சொல்லிருச்சா?"

"நம்ம ஊரு மாதிரி."

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

இரண்டு மாதத்தில் நிரல் தயாரானது. கிரகங்களின் இருப்பிடக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அது மட்டும் உண்மையான கணக்கு. மற்றதைப் பழைய மென்பொருள் அச்சடித்த தாள்களைப் பார்த்து எழுதினாள். பிறந்த ஜாதகம், ராசிபலன், திருமணப் பொருத்தம், வீடு குடிபோக நாள் என்று எட்டுப் பொத்தான்கள், எட்டு ஃபங்ஷன்கள். தெட்சிணாமூர்த்தி பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லாருக்கும்மா. ஆனா எதை அழுத்துனாலும் கடைசியில ஒரு தோஷம் வரணும். கீழயே பரிகாரம் பண்ணச் சொல்லிடு."

எல்லாருக்குமா என்று அல்லி கேட்டாள்.

"தோஷம் இல்லாத மனுசன் யாரும்மா? இல்லன்னு சொன்னா வந்தவங்களுக்கே திருப்தி இருக்காது. கல்யாணப் பொருத்தத்துல மட்டும் பொண்ணு ஜாதகம்னு போடு. மாப்பிள்ளைக்குன்னு போட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்க."

இந்த இடத்தில் அல்லி எழுந்திருக்க வேண்டும். மோட்டார் கொட்டகை வாசலில் நின்று கத்திய பெண் இந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மனசு அப்போது வேறெங்கோ இருந்தது. எட்டு ஃபங்ஷனிலும் அதே இரண்டு வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவது அசிங்கம் என்று அவளுக்குப் பட்டது. போன ஞாயிறுதான் மெஹரோடு டெக்கரேட்டர் என்ற ஒன்றைப் படித்திருந்தாள். ஒரு ஃபங்ஷனின் உள்ளே கை வைக்காமல், அதன் மேல் இன்னொன்றைப் போர்த்திவிடுவது. நிலா வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டை வைத்துத்தான் அல்லிக்கு அது பிடிபட்டது. உள்ளே யார் எதை வாங்கினாலும் சரி, வெளியே வரும்போது வாசலில் நிற்கும் ஆள் ரசீதில் ஒரு முத்திரை குத்தித்தான் அனுப்புவார். உள்ளே நடந்தது என்ன என்று அவருக்குக் கவலையில்லை. ஃபங்ஷனுக்கு மேலே ஒரு குறியும் ஒரு பெயரும் கொண்ட ஒற்றை வரி போதும், முத்திரை விழுந்துவிடும்.

அல்லி எட்டு ஃபங்ஷன்களின் தலையிலும் அந்த ஒற்றை வரியை எழுதினாள். ஓடவிட்டாள். எட்டுத் தாளின் அடியிலும் தோஷம் வந்தது. பழகிப் பார்ப்பதற்காக இன்னொரு டெக்கரேட்டரும் எழுதினாள். எந்தப் பொத்தான், எந்த நேரத்தில், எந்த ஊரில் யார் பெயருக்கு அழுத்தப்பட்டது என்று ஒரு கோப்பில் குறித்துவைக்கும் வேலை அதற்கு. அன்று சாயங்காலம் மெஹரைக் கூப்பிட்டு, நான் தனியாகவே செய்துவிட்டேன் என்றாள். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. எதைச் செய்கிறோம் என்று அவள் பார்க்கவில்லை, எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறோம் என்று மட்டும் பார்த்தாள். படித்தவர்கள் கையால் நடக்கிற அநியாயத்தில் பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது.

நிலாவுக்கும் நெடுங்காட்டுக் கதிரவனுக்கும் மூன்று வருடப் பழக்கம். அவன் காரைக்காலில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்த்தான். அவளிடம் பில் போடுவதற்காகவே ஒரு சோப்புக்கட்டியோடு நீண்ட வரிசையில் வந்து நிற்பான். வீட்டில் பத்து ஏக்கர் நஞ்சை, சொந்த டிராக்டர். அவர்கள் தெரு வேறு, இவர்கள் தெரு வேறு. அதனால் கதிரவன் வீட்டில் சொல்வதற்கே இரண்டரை வருடம் எடுத்துக்கொண்டான். சொன்னபோது யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவன் அப்பா நீலகண்டன், ஜாதகம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். நிலா அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாள். பிறந்த நேரத்தை எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நெடுங்காட்டிலேயே குடும்ப ஜோசியர் இருக்கிறார், அவரிடம்தான் பார்ப்பார்கள் என்று கதிரவன் சொல்லியிருந்தான். அதனால் அல்லியும் கவலைப்படவில்லை.

செல்லம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்த நாள் அது. அல்லி விடுப்பு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வேலை முடிந்து நேராக அங்கே வந்த நிலா, தன் கைபேசியை அக்காவிடம் நீட்டினாள். கதிரவன் அனுப்பிய படம். அல்லிக்குப் படிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"உங்க கடைத் தாள்தானேக்கா?"

"ஆமா."

"அவங்க ஜோசியருக்கு ஒடம்பு சரியில்லன்னு திருநள்ளாறு போயிருக்காங்க. பத்துல எட்டுப் பொருத்தம் இருக்கு. ஆனா எனக்கு தோஷமாம். வேணாம்னுட்டாங்க." நிலா அக்காவின் முகத்தையே பார்த்தாள். "நீ எழுதுன புரோகிராம்தானே, தப்பாச் சொல்லாதுல்ல?"

பக்கத்துக் கட்டிலில் ஒரு கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா படுத்திருந்தாள். இரு, பார்க்கிறேன் என்றாள் அல்லி. தங்கை அந்தத் தாளை நம்பியதற்குக் காரணம் சனியே இல்லை, அக்கா மீதிருந்த மதிப்பு.

மறுநாள் கடையில் அந்தக் குறிப்புக் கோப்பைத் திறந்தாள். பதினான்கு மாதமாக நிரம்பிக்கொண்டிருந்த கோப்பு. திருமணப் பொருத்தம் என்ற பொத்தானின் கீழ் மட்டும் ஆயிரத்து நூற்று எண்பது வரிகள் இருந்தன. கடைசியிலிருந்து இரண்டாவது வரியில் நிலா, வரிச்சிக்குடி, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. அவள் அங்கே நிறுத்தவில்லை. மேலே, இன்னும் மேலே என்று போய்க்கொண்டிருந்தாள். சீர்காழி, கும்பகோணம், சேலம், பெங்களூர். ஒவ்வொரு வரியிலும் ஒரு பெண் பெயர். ஒவ்வொரு பெண்ணையும் யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தைக் காட்டி ஒரு மாதிரி பார்த்திருப்பார்கள். சிலருக்குக் கல்யாணம் நடந்திருக்கும், மாமியார் வீட்டில் சோறு குழைந்தாலும் அந்தத் தாளை எடுத்திருப்பார்கள். சிலருக்கு நடந்தே இருக்காது. நிலாவுக்குப் பொத்தானை அழுத்தியது முதலாளிதான், நான் இல்லை என்று ஒரு நிமிடம் தன்னைத் தேற்றப் பார்த்தாள். அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று கட்டிவைத்தவள் யார் என்ற கேள்விக்கு அந்தத் தேறுதல் நிற்கவில்லை.

தெட்சிணாமூர்த்தியிடம் போய்ச் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். உன் தங்கை என்று தெரிந்திருந்தால் அந்த வரியை மறைத்துக் கொடுத்திருப்பேனே என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். பரிகாரம் செய்துவிட்டுத் தொடரவும் என்றுதானே போட்டிருக்கிறது, அவர்கள் ஏன் பரிகாரத்தைப் பற்றிக் கேட்காமல் நேராக வேண்டாம் என்றார்கள்? அதை யோசிக்க அல்லிக்குத் தெம்பில்லை. நிரலைச் சரிசெய்து, எல்லாருக்கும் வருவதுதான் நிலாவுக்கும் வந்தது என்று நிரூபித்துவிட்டால் போதும் என்ற ஒரே நினைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் நிரூபிக்கப் போக அவளுக்கு ஐந்து வாரம் பிடித்தது. போனால் நிலாவுக்குத் தெரிந்துவிடும். உன்னைக் கெடுத்தது நான் எழுதிய இரண்டு வரி என்று தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டாள். நிலா அதற்குள் பரிகாரத்தைத் தொடங்கியிருந்தாள். சனிக்கிழமை விடிவதற்கு முன் திருநள்ளாற்றுக்குப் போய்க் குளத்தில் முழுகி, எள் தீபம் போட்டுவிட்டு, அங்கிருந்தே காரைக்காலுக்கு பஸ் ஏறி வேலைக்குப் போவாள். பொழுது சாய்ந்து வீட்டில் விளக்கேற்றும் வரை பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. மூன்றாவது சனிக்கிழமை பில் மேசையிலேயே மயங்கி விழுந்தாள். இதெல்லாம் வேண்டாம் என்று அல்லி சொன்னதற்கு, உனக்கு நம்பிக்கை இல்லை என்றால் எனக்கும் இருக்கக் கூடாதா என்று திருப்பிக் கேட்டாள். ஒன்பது வாரம் முடித்துவிட்டால் கதிரவன் வீட்டில் மறுபடி பேசுவான் என்று அவள் நம்பினாள். அவன் அப்படிச் சொன்னானா என்று அல்லி கேட்டாள். சொல்லவில்லை, ஆனால் சொல்வான் என்றாள் நிலா.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அல்லி நிரலைத் திறந்து அந்த ஒற்றை வரியை எட்டு இடத்திலும் அழித்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் நெடுங்காட்டுக்குப் போனாள். இரண்டாம் சனிக்கிழமை, கதிரவனுக்கு வங்கி விடுமுறை.

வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியது. சம்பா நட்ட வயல்கள் பச்சை பிடித்திருந்தன. நீலகண்டன் அவளை வாங்க என்று கூப்பிட்டு, கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். கதிரவன் எதிரே உட்கார்ந்தான். அவன் அம்மா தேநீர் கொண்டுவந்தாள். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில், அல்லிக்குக் காகிதக் கோப்பையில். அல்லி அதைப் பார்த்தாள். பார்க்காதது போல மடிக்கணினியைத் திறந்தாள்.

வகுப்பில் பாடம் எடுப்பது போல நிதானமாக விளக்கினாள். இதுதான் பொருத்தம் பார்க்கிற ஃபங்ஷன், இதற்கும் தோஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. தோஷம் மேலே போர்த்தியது, இதோ இந்த வரி. இது இருந்தால் யாருக்கும் வரும். நீலகண்டனின் பிறந்த நேரத்தையும் அவர் மனைவியின் பிறந்த நேரத்தையும் கேட்டு வாங்கி, மடிக்கணினியில் அழிக்காமல் வைத்திருந்த பழைய நிரலில் போட்டாள். தோஷம் வந்தது. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதி திரையைப் பார்த்தார்கள். வரியை நீக்கி மறுபடி ஓடவிட்டாள். இப்போது தோஷம் இல்லை. கடைசியாக நிலாவையும் கதிரவனையும் போட்டாள். பத்துக்கு எட்டு, அடியில் வெறும் வெள்ளைத் தாள்.

"என் தங்கச்சிகிட்ட ஒரு கொறையும் இல்லங்க. தப்பு நான் பண்ணுனது."

நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை.

"நல்லாப் புரியிற மாதிரி சொன்னம்மா. கெட்டிக்காரப் பொண்ணு. நானும் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. ஜாதகம் சேரலன்னுதான் சொல்லியனுப்புனோம். உங்க தெருவைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனமா? இல்ல. பேசியிருந்தா உங்களுக்கும் அசிங்கம், எங்களுக்கும் அசிங்கம். அந்தத் தாள் வந்து மரியாதையா முடிச்சு வச்சுது. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

தாள் வருவதற்கு முன்பே முடிவு இருந்தது. தாள் அதற்கு ஒரு போர்வை. அல்லியை ஐந்து வாரமாகத் தின்றுகொண்டிருந்த குற்றத்தில் பாதி அவளுடையதே இல்லை. அவள் அநியாயத்துக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தவள், உள்ளே இருந்த அழுக்கு உடம்பு அவர்களுடையது. இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பிழை தன்னுடையது என்றால் திருத்திவிடலாம் என்று வந்தவள் அவள். இதைத் திருத்த அவளிடம் வரி எதுவும் இல்லை.

கதிரவன் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். காகிதக் கோப்பையையும் பார்த்தான். மூன்று வருடமாகத் தங்கை அழுத்திக்கொண்டிருந்த பொத்தானுக்குப் பின்னால் இவன் எதையுமே கட்டிவைத்திருக்கவில்லை என்று அல்லிக்கு அப்போது தெரிந்தது. "இப்ப எதுவும் பேச வேணாமே" என்றான்.

அல்லி கணினியை மூடினாள். தேநீரைத் தொடவில்லை. எங்கள் தெரு ஆட்கள் நட்டுக் கொடுத்த நெல்லைத்தானே ஐயா சாப்பிட்டீர்கள், அதற்கு மட்டும் தெரு கிடையாதா என்று கேட்டுவிட்டு எழுந்தாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் நாற்காலியை இழுத்து ஓரமாகப் போடும் சத்தம் கேட்டது.

வழியில் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வாய்க்கால் மதகோரம் நிறுத்தி எடுத்தாள். தெட்சிணாமூர்த்தி. காலையிலிருந்து தாளில் தோஷ வரி வரவில்லை, என்ன செய்தாய் என்று கேட்டார். அழித்துவிட்டேன் என்றாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள்.

"இங்க ஒரு அம்மா அரை மணி நேரமா அழுவுதும்மா" என்றார் அவர். "ஒண்ணுமே இல்லன்னா எம்புள்ளைக்கு ஏன் இப்படி நடக்குது, நல்லாப் பாருங்க, ஏதாவது இருக்கும்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?"

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்கக்கூட அல்லிக்குத் தோன்றவில்லை. காரணம் தெரியாத துயரத்தைச் சுமக்க முடியாத மனிதர்கள், பொய்க் காரணத்தையாவது கொடு என்று கையேந்தி நிற்கிறார்கள். உண்மைக் காரணத்தைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமலிருந்தால் அந்த வரிசை நீண்டுகொண்டுதான் போகும். இனி நான் வரவில்லை சார் என்று மட்டும் சொன்னாள். அவர், பழைய நகல் பென்டிரைவில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்கிறேன், நீ பார்த்துப் போம்மா என்றார். அவள் அழித்தது ஒரே ஒரு நாளைக்குத்தான் பயன்பட்டது.

நிலா ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்தாள். உதடு காய்ந்திருந்தது. கொல்லைப்புறம் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் அல்லி எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி கேட்டது, அவள் எழுதியது, ஆயிரத்து நூற்று எண்பது பெயர்கள், ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது, நெடுங்காடு, நீலகண்டன் சொன்னது. கதிரவன் சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தாள். இனி எதையும் மறைப்பதில்லை என்று அதையும் சொன்னாள்.

நிலா குவளையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். தண்ணீர் மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அல்லிக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தோஷம்னா ஒன்பது வாரத்துல தீந்துடும்னு இருந்தேன்" என்றாள் கடைசியில். "இது எத்தனை வாரத்துல தீரும்க்கா?"

அல்லி அவள் கையிலிருந்த குவளையை வாங்கப் போனாள். நிலா கொடுக்காமல் தானே அதைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தட்டை எடுத்தாள். மத்தியானம் வடித்த சோற்றைப் போட்டு, குழம்பு ஊற்றிக்கொண்டு, அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்தாள். முதல் கவளத்தை விழுங்க முடியாமல் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

கறுப்புக் கண்ணாடியோடு முன்னறையில் படுத்திருந்த செல்லம்மாவுக்குத் தட்டுச் சத்தம் கேட்டது. விரத நாளில் விளக்கேற்றுவதற்குள் என்னடி சாப்பாடு என்று அங்கிருந்தே கேட்டாள்.

"பசிக்குதும்மா" என்றாள் நிலா.